விலங்குவழி வைரஸ்களும் ஆண்களின் கருவளமும்

விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தாவும் வைரஸ்கள் ஆணின் கருவளத்தைப் பெரும்பாலும் மூன்று வழிகளில் பாதிக்கின்றன. காய்ச்சலின் சூடு விந்தணு உற்பத்தியைச் சில வாரங்களுக்குக் குறைக்கிறது. வைரஸை எதிர்த்து உடல் நடத்தும் போரில் விரை வீங்கி அதன் நுண்குழாய்கள் சேதமடைகின்றன. சில வைரஸ்கள் விரைக்குள்ளேயே நுழைந்து, இரத்தத்திலிருந்து முற்றிலும் மறைந்த பிறகும் அங்கே மாதக்கணக்கில் தங்கிவிடுகின்றன. இவற்றில் முதலாவது மிகப் பரவலானது. அநேகமாகத் தானே சரியாகிவிடும். இரண்டாவதும் மூன்றாவதும் குறைவானவர்களுக்கே நேர்கின்றன. ஆனால் நிரந்தர இழப்போ, மனைவிக்கும் நோய் தொற்றும் ஆபத்தோ இருப்பது அவற்றில்தான்.

விலங்கும் மனிதரும் இப்படி நெருங்கி வாழும் இடங்களுக்கு விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் ஓர் உதாரணம். அங்கே ஊரும் காடும் ஒட்டிக்கிடக்கின்றன. 1988-ல் சாம்பல்நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மலைக்காடு, 2021 பிப்ரவரியில் மேகமலையோடு இணைந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாயிற்று. செண்பகத்தோப்பு, அய்யனார்கோவில் ஆறு, சாஸ்தாகோவில் என்று அடிவாரம் நெடுக மாந்தோப்பும் தென்னந்தோப்பும் இருக்கின்றன. இருட்டியதும் பழந்தின்னி வௌவால்கள் தோப்புகளில் இறங்குகின்றன. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரிக்கு ஏறும் கூட்டத்தின் கையிலிருந்து குரங்குகள் தின்பண்டங்களைப் பறிக்கின்றன. கறவை மாடு இல்லாத தெரு குறைவு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் பெயரே அந்தப் பாலில் நிற்கிறது. திருமங்கலத்திலிருந்து கொல்லத்துக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 இந்த இரண்டு ஊர்களையும் கடந்து, தென்காசி, புளியரை வழியாகக் கேரளத்துக்குள் நுழைகிறது. கேரளத்தில் புதிதாக ஒரு தொற்று தலைகாட்டினால் இந்தச் சாலையில் சோதனை தொடங்குவது அதனால்தான்.

விரையின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். விந்தணு உருவாக உடலின் மற்ற பகுதிகளைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி செல்சியஸ் குறைந்த வெப்பம் வேண்டும். விரைகள் வயிற்றுக்கு வெளியே தொங்குவதன் காரணம் அதுவே. அவற்றுக்குள் இருக்கும் நுண்குழாய்களில் செர்டோலி செல்கள் விந்தணுக்களை ஊட்டி வளர்க்கின்றன. குழாய்களுக்கு இடையே உள்ள லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. விந்தணு ஓர் ஆண் பருவமடைந்த பிறகே உருவாகத் தொடங்குவதால், குழந்தைப் பருவத்திலேயே பாடம் கற்றுக்கொண்ட நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அது அந்நியப் பொருளாகவே தோன்றும். எதிர்ப்புச் செல்கள் அதைத் தாக்காமலிருக்க, செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று நெருக்கமாகப் பின்னி ஒரு தடுப்பை அமைக்கின்றன. விந்தணுவைக் காக்கும் அதே தடுப்பு, உள்ளே புகுந்துவிட்ட வைரஸையும் காக்கிறது. உடம்பெங்கும் துடைத்தெடுக்கப்பட்ட வைரஸ் விரையில் மட்டும் மிஞ்சுவது இதனால்தான். கண்ணின் உட்பகுதியும் மூளையும் இதே போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்கள்.

ஒரு விந்தணு முதல் நிலையிலிருந்து முழுமை பெற ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. பிறகு விரையின் மேல் சுருண்டிருக்கும் குழாயில் ஒன்றிரண்டு வாரங்கள் தங்கி நீந்தும் திறனைப் பெறுகிறது. ராஜபாளையத்து நூற்பாலையில் இன்று பஞ்சு நுழைவது தடைப்பட்டால் நூல் குறைவது பின்னால் கோன் சுற்றும் இடத்தில் தெரிவதைப்போல, இன்றைய காய்ச்சலின் விளைவு வரும் வாரங்களின் விந்தில்தான் தெரியும். காய்ச்சல் விட்ட மறுவாரம் எடுத்த பரிசோதனை நன்றாக இருந்தது என்பதால் பாதிப்பில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆறாவது வாரத்தில் எண்ணிக்கை சரிந்திருந்தது என்பதால் நம்பிக்கை இழக்கவும் வேண்டாம். மூன்று மாதம் கழித்து எடுக்கும் பரிசோதனைதான் உண்மை நிலையைச் சொல்லும்.

இந்தத் துறையின் பழைய பாடம் பொன்னுக்கு வீங்கியிலிருந்து வந்தது. இது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய், விலங்குவழி நோயல்ல. ஆனாலும் இதை விட்டுவிட்டு இந்தக் கேள்வியை ஆராய முடியாது. பருவமடைந்த ஆணுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தால், தடுப்பூசி போடாதவர்களில் 100-க்கு 15 முதல் 30 பேருக்கு விரை வீக்கம் வருகிறது. கன்னம் வீங்கி நான்கு முதல் எட்டு நாட்களில் ஒரு விரை, சிலருக்கு இரண்டும், கடுமையான வலியோடு வீங்கும். வீங்கிய விரைகளில் கணிசமானவை பின்னர் சுருங்குகின்றன. இரண்டு விரைகளும் பாதிக்கப்பட்டவர்களிலும் முழுமையான மலட்டுத்தன்மை அரிதுதான். எண்ணிக்கை குறைவது அதைவிட அதிகம். இதே வைரஸின் மிக நெருங்கிய உறவு ஒன்றைக் காங்கோவின் பழந்தின்னி வௌவால்களில் கண்டுபிடித்ததாக 2012-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நிபாவும் இதே பாராமிக்சோ குடும்பத்தைச் சேர்ந்தது.

நிபா 1998–99-ல் மலேசியாவின் பன்றிப் பண்ணைகளில் முதன்முதலாகத் தெரியவந்தது. அங்கே 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் அது வெடித்தபோது மாண்டவர்கள் 17 பேர். அந்தப் பகுதியில் பிடித்த பழந்தின்னி வௌவால்களில் அதே வைரஸ் கிடைத்தது. பின்பு 2019, 2021, 2023, 2024 ஆகிய ஆண்டுகளிலும் கேரளத்தில் நிபா தலைகாட்டியது. புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் பல மாநிலங்களில் நடத்திய ஆய்வில், தமிழ்நாட்டு வௌவால்களிலும் இந்தத் தொற்றின் தடயம் தென்பட்டது. 2018-ல் கோழிக்கோட்டில் பிழைத்தவர்கள் இருவரே. அந்த ஆண்டு நோயை உறுதிசெய்த மணிபால் வைரஸ் ஆய்வு மையத்தின் குழு, தேறிவந்த ஓர் ஆணின் விந்தில் நிபாவின் மரபுப்பொருள் இருந்ததைப் பதிவு செய்தது. பின்னர் எடுத்த மாதிரிகளில் அது இல்லை. மரபுப்பொருள் இருப்பதும் தொற்றக்கூடிய உயிருள்ள வைரஸ் இருப்பதும் ஒன்றல்ல. ஆனால் ஒரே ஓர் ஆணின் மாதிரியில்கூட அது கிடைத்தது என்பதால், நிபாவிலிருந்து மீண்ட ஆண்களின் விந்தைப் பரிசோதிப்பது தேவை என்றாகிவிட்டது. நிபா ஆணின் கருவளத்தைக் குறைக்கிறது என்று இன்று யாரும் சொல்ல முடியாது. பிழைப்பவர்கள் மிகச் சிலர் என்பதால் அதற்கான கணக்கே இல்லை.

வங்கதேசத்தில் பேரீச்சை மரத்தின் பச்சைச் சாறு வழியாக நிபா பரவுகிறது. இரவில் வௌவால் வந்து கலயத்தில் வாய்வைத்துச் செல்வதே காரணம். தென்மாவட்டத்துப் பதநீர் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குகிறது. தமிழ்நாட்டில் அதனால் நிபா வந்ததாகப் பதிவு இல்லை. ஆனால் வௌவால் கடித்துப் போட்ட மாம்பழத்தையோ கொய்யாவையோ தோப்பில் பொறுக்கித் தின்னும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். ஆஸ்துமாவுக்கு வௌவால் கறி மருந்து என்ற நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை; வேட்டையாடி அறுப்பவருக்கே அதில் முதல் ஆபத்து. வௌவால்கள் தங்கும் மரங்களை வெட்டுவதும் பட்டாசு போட்டு விரட்டுவதும் தவறு. அலைக்கழிக்கப்பட்ட வௌவால் கூட்டம் வேறு ஊருக்குச் சிதறிப்போகிறது. நெருக்கடியில் அவை அதிக வைரஸை வெளியேற்றுவதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. உலகிலேயே மிகச் சில இடங்களில் மட்டும் வாழும் சலீம் அலி பழந்தின்னி வௌவால், 1948-ல் முதன்முதலாகப் பிடிபட்டது மேகமலையில்தான். 1972 வரை அது தனி இனம் என்பதே தெரியாமலிருந்தது. மகரந்தத்தையும் விதையையும் காட்டுக்குள் சுமக்கும் இந்த உயிரினத்தை அழித்து மனிதருக்கு நன்மை வரப்போவதில்லை.

ஆண் கருவளத்தைப் பொறுத்தவரை மிகத் தெளிவாக ஆராயப்பட்ட விலங்குவழி வைரஸ் ஜிகா. 1947-ல் உகாண்டாவின் ஜிகா காட்டில், மஞ்சள் காய்ச்சலைக் கண்காணிக்கக் கூண்டில் வைத்திருந்த ஒரு குரங்கின் இரத்தத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. குரங்குக்கும் கொசுவுக்கும் இடையே காட்டில் சுற்றிக்கொண்டிருந்த அந்த வைரஸ், ஏடிஸ் கொசு வழியாக நகரங்களுக்கு வந்தது. 2015-ல் பிரேசிலில் பரவியபோது, தாயின் வயிற்றிலேயே பாதிக்கப்பட்ட சிறுதலைக் குழந்தைகளைப் பார்த்து உலகம் பதறியது. 2008-ல் செனகலிலிருந்து அமெரிக்கா திரும்பிய ஓர் ஆராய்ச்சியாளரிடமிருந்து அவர் மனைவிக்கு இது தொற்றியிருந்ததும் பின்னர் தெரியவந்தது. மனைவியைக் கடிக்க, ஜிகாவைப் பரப்பும் கொசு அங்கே இல்லை. விந்து வழியாகத் தொற்றுகிறது என்ற உண்மை அப்படித்தான் முதலில் வெளிச்சத்துக்கு வந்தது.

2016-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஆண் எலிகளில் ஜிகாவைச் செலுத்திப் பார்த்தன. வைரஸ் செர்டோலி செல்களிலும் விந்தணுவாக மாறும் செல்களிலும் பெருகியது; வாரங்கள் செல்லச் செல்ல நுண்குழாய்கள் குலைந்தன; விரை வெளிப்பார்வைக்கே தெரியும்படி சுருங்கியது; டெஸ்டோஸ்டிரோன் சரிந்தது. அந்த எலிகளோடு இணைசேர்ந்த பெண் எலிகள் கருவுறுவதும் குறைந்தது. இந்த முடிவை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது. ஜிகா எலிகளுக்கு எளிதில் தொற்றாது என்பதால், அவற்றின் எதிர்ப்புச் சக்தியை முன்கூட்டியே முடக்கித்தான் அந்தச் சோதனை நடந்தது. மனிதரிடம் நிலைமை வேறாக இருந்தது. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட குவாதலூப் தீவில் ஜிகா வந்த 15 ஆண்களை நான்கு மாதம் தொடர்ந்து பரிசோதித்ததில், 30-ஆம் நாள் விந்தணு எண்ணிக்கை முதல் வாரத்தில் இருந்ததில் பாதிக்கும் கீழே போனது. 120-ஆம் நாளுக்குள் மீண்டது. விந்தில் மரபுப்பொருள் ஓராண்டுக்கு மேல் இருந்த தனி ஆள் பதிவும் உண்டு. ஆனால் தொற்றக்கூடிய வைரஸ் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மாதங்களோடு மறைந்துவிடுகிறது. ஜிகா தொற்றிய ஆண் மூன்று மாதம் ஆணுறை பயன்படுத்த வேண்டும், அதுவரை கர்ப்பத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

ஜிகா தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2017 ஜூலையில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவருக்கு உறுதியானது. அதற்கு முன் குஜராத்தில் மூவருக்குக் கண்டறியப்பட்டிருந்தது. 2021 ஜூலையில் திருவனந்தபுரம் மாவட்டத்தில், கன்னியாகுமரி எல்லையை ஒட்டிய பாறசாலையில் தொடங்கிப் பலருக்குப் பரவியது. இந்த வைரஸைப் பெரும்பாலானோர் உணர்வதே இல்லை. உணர்ந்தவர்களுக்கும் லேசான காய்ச்சலும் தடிப்பும் கண்சிவப்பும்தான் வரும். டெங்கு என்றோ வெறும் வைரஸ் காய்ச்சல் என்றோ அது கடந்துபோகும். தண்ணீரைத் தொட்டியிலும் டிரம்மிலும் பிடித்துவைக்கும் ஊர்களில் ஏடிஸ் கொசுவுக்குக் குறைவில்லை. பாத்திரத்தை மூடிவைப்பதும் வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவுவதும் டெங்குவோடு ஜிகாவையும் தடுக்கும்.

கோவிட்–19 இந்தக் கேள்வியை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது. இந்த வைரஸின் மிக நெருங்கிய உறவுகள் குதிரைலாட வௌவால்களில் இருக்கின்றன. வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம் நுரையீரலில் மட்டுமல்ல, செர்டோலி, லேடிக் செல்களிலும் இருக்கிறது. 2002–03-ல் பரவிய சார்ஸ் நோயில் இறந்தவர்களின் விரைத் திசுவைச் சீன மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அழற்சியும் விந்தணு செல்களின் அழிவும் காணப்பட்டன. அதனால் அச்சம் எழுந்தது இயல்பே. 2020 மே மாதம் சீனாவின் ஷாங்சியூ மருத்துவமனை நோயாளிகள் 38 பேரில் 6 பேரின் விந்தில் வைரஸின் தடயம் இருந்ததாக வந்த செய்தி அதைப் பெருக்கியது. பிறகு வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை விந்தில் வைரஸ் இல்லை என்றே சொல்கின்றன. விந்து வழியாகக் கோவிட் பரவுவதாகக் கருத இடமில்லை.

விந்தின் தரம் குறைந்தது என்பது மட்டும் உண்மை. பெல்ஜியத்தில் கோவிட்டிலிருந்து மீண்ட 120 ஆண்களைப் பரிசோதித்தபோது, நோய் வந்து ஒரு மாதத்துக்குள் வந்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு விந்தணுவின் நீந்தும் திறன் குறைந்திருந்தது. 37 சதவீதம் பேருக்கு எண்ணிக்கை குறைந்திருந்தது. இரண்டு மாதம் கடந்தவர்களில் இந்த எண்கள் முறையே 28, 6 என்று இறங்கின. பாட்னா எய்ம்ஸ் மருத்துவர்கள் 30 ஆண்களின் விந்தை நோயின்போது ஒரு முறையும் 74 நாள் இடைவெளிக்குப் பின் இன்னொரு முறையும் பார்த்தார்கள். ஒருவரின் விந்திலும் வைரஸ் இல்லை. தரம் இரண்டாம் முறை உயர்ந்திருந்தது. ஆனால் முழுமையாக மீளவில்லை. மும்பை ஐஐடியும் ஜஸ்லோக் மருத்துவமனையும் சேர்ந்து செய்த ஆய்வில், விந்தணு நீந்துவதற்கும் கருவுறுதலுக்கும் தேவையான சில புரதங்கள் கோவிட் கண்டு தேறியவர்களிடம் பாதிக்கும் குறைவாக இருந்தன. இவை சிறிய ஆய்வுகள். நோய்க்கு முன் அந்த ஆண்களின் விந்து எப்படி இருந்தது என்ற ஒப்பீடு அநேகமாக எதிலும் இல்லை. ஆகவே, கோவிட் பல ஆண்களின் விந்தைச் சில மாதங்களுக்குக் கெடுத்தது, நிரந்தரமாகக் கெடுத்ததற்குப் போதிய சான்று இல்லை என்பதே நியாயமான தீர்ப்பு.

மருந்துகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வைரஸின் மேல் போடப்படும் பழி சில நேரம் மாத்திரைக்கு உரியது. 2020-ல் இந்தியாவில் பரவலாகக் கொடுக்கப்பட்ட ஃபேவிபிராவிர் விந்தில் கலக்கும் மருந்து; அதைச் சாப்பிடும் ஆண் சில நாட்கள் கர்ப்பத்தடையைக் கைக்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அதற்கு உண்டு. 2018-ல் நிபாவுக்கு எதிராகக் கேரளத்தில் பயன்பட்ட ரிபாவிரினுக்கு இந்தக் காலம் பல மாதங்கள். இப்படிப்பட்ட மருந்தை எழுதித்தரும்போது இளம் கணவனிடம் இதை எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை. மறுபக்கம், தடுப்பூசி மேல் விழுந்த பழி பொய். கோவிட் தடுப்பூசியால் ஆண்மை போகும் என்ற வதந்தி 2021 ஜனவரியில் ஊசி தொடங்கும் முன்பே பரவியது. இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவரே அது முழு அபத்தம் என்று பகிரங்கமாக மறுத்தார். அமெரிக்காவில் எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் 45 ஆண்களின் விந்தை ஒப்பிட்டதில் எந்தச் சரிவும் இல்லை. அந்த வதந்தியை நம்பி ஊசியைத் தள்ளிப்போட்டவர்கள் விந்தைக் காப்பாற்றவில்லை. உண்மையில் விந்தைக் கெடுத்த காய்ச்சலைத்தான் வரவழைத்துக்கொண்டார்கள்.

விரையில் வைரஸ் எத்தனை காலம் தங்கும் என்பதற்கு எபோலா கடுமையான உதாரணம். 2014 நவம்பரில், லைபீரியாவில் எபோலாவிலிருந்து குணமாகிச் சான்றிதழோடு டெல்லி விமான நிலையத்தில் வந்திறங்கிய இந்தியர் ஒருவர் அங்கேயே தனிமைப்படுத்தப்பட்டார். அவர் இரத்தம் சுத்தமாக இருந்தது. விந்தில் வைரஸின் தடயம் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் தேறியவர்களின் விந்தில் அது ஓராண்டைக் கடந்தும் நீடித்தது. 500 நாட்களுக்கு மேல் கழித்து ஒருவரிடமிருந்து புதிய தொற்றுச் சங்கிலி தொடங்கியதும் உண்டு. எபோலாவின் உறவான மார்பர்க் 1967-ல் ஜெர்மனியில் பரவியபோதே, தேறிய கணவனிடமிருந்து மனைவிக்கு விந்து வழியாகத் தொற்றியது பதிவானது. எலி வகைகளிலிருந்து வரும் ஹாண்டா குடும்பத்து ஆண்டிஸ் வைரஸின் மரபுப்பொருள், தென் அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவரின் விந்தில் 71 மாதங்கள் இருந்தது. இந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட வைரஸ் தமிழ்நாட்டுக்காரன்: 1964-ல் வேலூரில் ஒரு மூஞ்சூறிலிருந்து கிடைத்தது, அது தோட்டப்பாளையம் வைரஸ் என்றே உலகெங்கும் அறியப்படுகிறது. அது மனிதருக்கு நோய் தந்ததாக நிறுவப்படவில்லை.

எச்ஐவியும் விலங்கிலிருந்து வந்ததே. மத்திய ஆப்பிரிக்கச் சிம்பன்சிகளின் வைரஸ் வேட்டைக்காரர்களின் இரத்தத்தில் கலந்து மனிதருக்குத் தாவியது. இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டது 1986-ல் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்த பரிசோதனையில். சிகிச்சை எடுக்காத ஆண்களில் டெஸ்டோஸ்டிரோனும் விந்தணுவும் குறைகின்றன. கூட்டு மருந்தை விடாமல் எடுத்து இரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாதபடி குறைந்தவர்கள் மனைவிக்குத் தொற்று தராமல் குழந்தை பெறுகிறார்கள். இது மருத்துவத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று. இன்னும் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. 2022 ஜூலையில் கேரளத்தின் கொல்லத்தில் இந்தியாவின் முதல் நோயாளி கண்டறியப்பட்ட குரங்கம்மையிலும் வைரஸ் விந்தில் கிடைக்கிறது. அதனால் கருவளம் கெட்டதாக நிறுவப்படவில்லை.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் பாதிப்பு வேறுவிதமானது. நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் பெருகி, நெல்வயல் கொசுவால் பரவும் இந்த நோய் இந்தியாவில் முதலில் அறியப்பட்டது 1955-ல் வேலூர்ப் பகுதியில். விருதுநகர் மாவட்டமும் தமிழ்நாட்டில் இதன் பாதிப்புப் பட்டியலில் உள்ளது. மனிதரில் மூளையைத் தாக்கும் இந்த வைரஸ் ஆண் பன்றிகளில் விரையை வீங்கவைத்து விந்தணுவைக் குலைக்கிறது. வைரஸ் விந்திலும் வெளியேறுகிறது. ஒரே வைரஸ் ஓர் உயிரினத்தின் விரையைத் தாக்கி இன்னொன்றில் மூளையைத் தாக்குவதால், விலங்கில் கண்ட பாதிப்பு மனிதரிலும் இருக்கும் என்று ஊகிக்க முடியாது. மாடுகளில் சமீப ஆண்டுகளில் பரவிய தோல்கழலை நோயும் இப்படியே. அதன் வைரஸ் காளையின் விந்தில் வெளிப்படும். ஆனால் மனிதருக்குத் தொற்றாது. அந்தப் பயத்தில் பாலை நிறுத்தியவர்கள் வீணாகக் கவலைப்பட்டார்கள்.

பால்மாடு வளர்க்கும் ஊர்களில் கவலைப்பட வேண்டியது வேறொன்று. அது வைரஸே அல்ல. புருசெல்லா என்ற பாக்டீரியா, கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடி, கர்ப்பநீர், காய்ச்சாத பால் ஆகியவற்றின் வழியாக மனிதருக்கு வருகிறது. வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, இரவு வியர்வை ஆகியவற்றோடு ஆண்களில் ஒரு பகுதியினருக்கு விரையும் வீங்குகிறது. கையுறை இல்லாமல் கன்று ஈனப் பிடிப்பவருக்கு ஆபத்து அதிகம். மணிக்கணக்கில் கொதித்து வற்றும் பால்கோவாவில் இந்தக் கிருமி பிழைக்காது. கறந்த சூட்டில் பச்சையாகக் குடிக்கும் பாலில்தான் பிழைக்கும். வைரஸுக்கு இல்லாத நல்ல வாய்ப்பு இதற்கு உண்டு: சரியான கூட்டு மருந்தை ஆறு வாரம் எடுத்தால் குணமாகும். நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு 2019 முதல் தேசியத் திட்டத்தில் இதற்குத் தடுப்பூசி போடப்படுகிறது. காய்ச்சலோடு விரை வீங்கிய ஆணிடம் மருத்துவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வீட்டில் மாடு உண்டா என்பது.

காய்ச்சலின்போதோ அடுத்த சில நாட்களிலோ விரையில் வலியும் வீக்கமும் வந்தால் அதை வெட்கத்தால் மறைக்கக் கூடாது. இளவயதில் திடீரென வரும் வலி விரை முறுக்கிக்கொண்டதாலும் இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை நடந்தால்தான் அந்த விரை பிழைக்கும். வைரஸால் வந்த வீக்கம் என்று தெரிந்தால் ஓய்வு, தாங்கிப்பிடிக்கும் உள்ளாடை, குளிர் ஒத்தடம், வலிமருந்து ஆகியவை போதும். ராஜபாளையத்தின் ஆலைகளிலும் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகளிலும் வெக்கையில் நின்று வேலை செய்பவர்கள், காய்ச்சல் விட்ட மறுநாளே வேலைக்குப் போவது வழக்கம். சூட்டின் மேல் சூடு விந்தணு மீளும் காலத்தை நீட்டிவிடும். புகைப்பதும் குடிப்பதும் அப்படியே.

விந்துப் பரிசோதனை எளியது. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்து, ஆய்வகத்தில் தனி அறையில் ஒரு வாய் அகன்ற டப்பாவில் மாதிரி கொடுக்க வேண்டும். கெட்டியாக இருக்கும் விந்து அரை மணிக்குள் நீர்த்துப்போகும். பிறகு கட்டமிட்ட கண்ணாடியில் ஒரு துளி வைத்து நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ் எல்லைகள்: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம் விந்தணு, அசையும் விந்தணு 42 சதவீதம். இந்த எண்களுக்குக் கீழே இருந்தால் குழந்தை பிறக்காது என்பதல்ல. மேலே இருந்தால் நிச்சயம் பிறக்கும் என்பதுமல்ல. ஒரே பரிசோதனையில் முடிவு கட்டாமல், சில வாரம் இடைவிட்டு இரண்டாவது முறை பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் வந்த காய்ச்சலை, அது டெங்குவானாலும் கோவிட்டானாலும், அறிக்கையைப் படிக்கும் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவல் இல்லாததால் தேவையற்ற மாத்திரைக்கும் செலவு மிகுந்த சிகிச்சைக்கும் போகும் தம்பதிகள் உண்டு.

அரசு செய்யக்கூடியது ஒன்று மிச்சமிருக்கிறது. இந்திய அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் இடமிருக்கிறது. பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை. 2023–24-ல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அந்த நோய் பெருகியது. தனியார் மருத்துவரிடம் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளும், இந்த மூன்றையும் தடுக்கும் எம்எம்ஆர் ஊசி அரசுத் திட்டத்தில் சேர வேண்டும். ஆணின் கருவளத்தைக் காக்கும் தடுப்பூசி என்று துணிந்து சொல்லக்கூடியது இன்று அது ஒன்றே.

குழந்தை தள்ளிப்போனால் மருத்துவமனைக்கும் கோவிலுக்கும் முதலில் அழைத்துச் செல்லப்படுவது இன்னும் மருமகள்தான். அவளுக்கு இரத்தம் எடுத்து, ஸ்கேன் எடுத்து, கருக்குழாயைச் சோதித்து ஓராண்டு கழிந்த பிறகே கணவன் பரிசோதனைக்கு வருகிறான். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதிக்கு ஆணின் பங்கும் உண்டு. ஊசியோ மயக்க மருந்தோ வேண்டாத, சில நூறு ரூபாயில் முடியும் அந்தப் பரிசோதனையை முதல் வருகையிலேயே கணவன் செய்துகொள்ள வேண்டும்.